திரை கறுத்துப்போனால் ஃபார்மேட் தேவையில்லை: லினக்ஸ் டெஸ்க்டாப்பை மீட்டெடுக்கும் முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மைத்துனர் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா, சிட்டா நகல் எடுப்பவர்களும், வேலைவாய்ப்பு விண்ணப்பங்களை நிரப்பித் தரச் சொல்பவர்களும், தேர்வு நுழைவுச்சீட்டு அச்சிடும் மாணவர்களும் வரும் கடை அது. அங்கே ஓடும் கணினியில் லினக்ஸ் மின்ட் என்னும் லினக்ஸ் வகை இருக்கிறது. ஒரு நாள் முற்பகலில் அவர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய மானிட்டர் ஒன்றை அடாப்டர் வழியாக இணைத்துவிட்டு, எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றனவே என்று டிஸ்ப்ளே அமைப்புகளைத் திறந்து, பட்டியலில் கண்ட 75 ஹெர்ட்ஸ் என்னும் திரைப் புதுப்பிப்பு வேகத்தைத் தேர்ந்தெடுத்தார். மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கணினி கேட்ட கேள்விக்குப் பழக்க தோஷத்தில் ஆம் என்று சொல்லிவிட்டார். திரை கறுத்தது. "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்ற சொற்கள் மட்டும் ஒரு சிறு பெட்டிக்குள் அங்குமிங்கும் மிதந்தன. பழுது பார்க்க வந்தவர், ஃபார்மேட் செய்துவிட்டு வேறு போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"மாமா, கஸ்டமர் ஃபைல் எல்லாம் இதுலதான் இருக்கு, ஃபார்மேட் பண்ணச் சொல்றாங்க" என்று அவர் தொலைபேசியில் சொன்னபோது நான் புதுச்சேரியில் இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் கடை நேரம் போய்விடும் என்பதால், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அவரையே தட்ட வைத்தேன். ஒரேயொரு கோப்பின் பெயரை மாற்றியதும் திரை திரும்பிவிட்டது. அப்படி வாய்மொழியாகச் சொன்னதை ஒழுங்குபடுத்தி, மற்ற பிழைகளுக்கும் விரித்து எழுதியதே இந்த வழிகாட்டி. லினக்ஸில் திரை அளவு, எழுத்தளவு, பேனல், கருப்பொருள், விசைப்பலகை போன்றவற்றில் நாம் செய்யும் மாற்றம் பெரும்பாலும் நம் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு சிறு கோப்பில்தான் எழுதப்படுகிறது. அந்தக் கோப்பை ஒதுக்கி வைத்தால் டெஸ்க்டாப் தன் இயல்புநிலையில் புதிதாக எழும். ஆவணங்களுக்கு எந்தச் சேதமும் வராது.

கட்டளைகளைப் படிக்கும் முறை

தொலைபேசியில் சொன்னதைப் போலவே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். எம்வி என்றால் எம், வி என்னும் இரண்டு எழுத்துகள். எல்எஸ் என்றால் எல், எஸ். சுடோ என்பது எஸ், யூ, டி, ஓ என்னும் நான்கு எழுத்துகள்; அதை முன்னால் சேர்த்தால் கட்டளை நிர்வாகி உரிமையுடன் ஓடும். புள்ளி, கோடு, சாய்கோடு ஆகியவை எழுதியபடியே வரும். ~ என்னும் அலைக்குறி, விசைப்பலகையில் 1 என்னும் எண்ணுக்கு இடப்பக்கத்து விசையை ஷிஃப்டுடன் அழுத்தினால் கிடைக்கும். அது உங்கள் சொந்தக் கோப்புறையைக் குறிக்கும்.

எழுத்துக்கூட்டல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கோப்பின் பெயரில் முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரைக் கணினியே நிரப்பிவிடும். நிரப்பவில்லை என்றால் பாதையைத் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள், அல்லது அந்தப் பெயரில் கோப்பே இல்லை, அல்லது அதே எழுத்துகளில் தொடங்கும் கோப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. மூன்றாவது ஐயம் வந்தால் டேப்பை இருமுறை அழுத்துங்கள்; பட்டியல் வரும். தொலைவிலிருந்து ஒருவரை வழிநடத்தும்போது இந்த ஒரு விசை செய்யும் உதவியை வேறெதுவும் செய்வதில்லை.

முதல் 20 விநாடிகள்

திரை கறுத்தவுடன் பதற்றத்தில் என்டர் தட்டுவதே பலரும் செய்யும் முதல் தவறு. திரை அமைப்பை மாற்றியதும் ஜினோம் டெஸ்க்டாப், மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு 20 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் பெட்டி உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது திறந்துதான் இருக்கும். அதில் என்டர் விசை மாற்றத்தை உறுதி செய்யும். எஸ்கேப் விசை மாற்றத்தைக் கைவிடும். ஆகவே தட்டினால் எஸ்கேப் தட்டுங்கள், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள். மற்ற டெஸ்க்டாப்புகளிலும் இதே போன்ற காத்திருப்பு உண்டு, விநாடிக் கணக்கு மட்டும் மாறும்.

இரண்டு திரைகளை இணைத்திருந்தால், இரண்டாவதன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எந்தெந்த மானிட்டர்கள் இணைந்திருக்கின்றனவோ அந்தச் சேர்க்கைக்கு ஏற்பத் தனித்தனி அமைப்பு சேமிக்கப்படுவதால், சேர்க்கை மாறினாலே பிழையான அமைப்பு பயன்படாமல் போய்விடும். புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு மடிக்கணினியில் ஒன்றும் தெரியாமல் போகும் நிலைக்கு, சூப்பர் விசையுடன் பி எழுத்தை அழுத்தித் திரை முறைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் பொறித்த விசை.

இன்னொன்று, பிழையே இல்லாத பிழை. ஜினோமில் எல்லாம் பூதாகரமாகத் தெரிந்து, சுட்டியை நகர்த்தினால் திரையும் சேர்ந்து நகர்ந்தால் அது திரை அளவுக் கோளாறு அல்ல. பார்வைக் குறையுள்ளவர்களுக்கான உருப்பெருக்கி தவறுதலாக இயங்கியிருக்கிறது. சூப்பர், ஆல்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அணைந்துவிடும்.

பிழை எந்த அடுக்கில் இருக்கிறது

லினக்ஸ் டெஸ்க்டாப் அடுக்கடுக்காக அமைந்தது. அடியில் வன்பொருளை இயக்கும் கெர்னலும் திரை டிரைவரும், அதற்கு மேல் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸார்க் அல்லது வேலேண்ட், அதற்கு மேல் லாகின் திரையைக் காட்டும் நிரல், உச்சியில் சினமன், ஜினோம், எக்ஸ்எஃப்சிஇ, பிளாஸ்மா போன்ற டெஸ்க்டாப். உங்கள் சொந்த அமைப்புகள் இந்த உச்சி அடுக்கைச் சேர்ந்தவை. எந்த அடுக்கு சரியாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, எதுவரை திரை தெரிகிறது என்று கவனியுங்கள். லாகின் திரை நன்றாகத் தெரிந்து, கடவுச்சொல் கொடுத்த பிறகு கறுத்தால் பிழை உங்கள் சொந்தக் கோப்புகளில் இருக்கிறது. பின்னணிப் படம் மட்டும் தெரிந்து பேனல் இல்லாமல் போனாலும் அதே இடம்தான். கடவுச்சொல் சரியாக இருந்தும் மீண்டும் மீண்டும் லாகின் திரைக்கே திரும்பினால் கோப்பு உரிமையையோ வட்டு நிரம்பியதையோ சந்தேகிக்க வேண்டும். லாகின் திரையே வராவிட்டால் டிரைவர் அல்லது பொது அமைப்புக் கோப்பு. மானிட்டரே "அவுட் ஆஃப் ரேஞ்ச்" போன்ற செய்தியைக் காட்டினால் கணினி உயிருடன்தான் இருக்கிறது, மானிட்டரால் தாங்க முடியாத அதிர்வெண்ணை அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

என் மைத்துனருக்கு நேர்ந்தது அதுதான். மானிட்டர் தனக்கு எந்தெந்த அளவுகள் பொருந்தும் என்பதை இடிஐடி என்னும் சிறு தரவுத் தொகுப்பாகக் கணினிக்குத் தெரிவிக்கும். மலிவான அடாப்டர்களில் சில அந்தத் தரவைச் சரியாகக் கடத்துவதில்லை. அப்போது கணினி பொதுவான அளவுகளைத் தானே பட்டியலிடும்; அவற்றில் எதை மானிட்டர் ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எழுத்துத் திரைக்குச் செல்லுதல்

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டியிருக்கும். கறுப்புப் பின்னணியில் லாகின் என்ற சொல்லுடன் வெறும் எழுத்துத் திரை வரும். இது டெஸ்க்டாப் அமைப்புகளைச் சாராதது என்பதால், அங்கே தெரியாத திரை இங்கே பெரும்பாலும் தெரியும். பயனர் பெயரைத் தட்டி என்டர், பிறகு கடவுச்சொல். கடவுச்சொல் தட்டும்போது திரையில் புள்ளிகூட விழாது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று எண்ணி மைத்துனர் இங்கேதான் மூன்று முறை தடுமாறினார். எதுவும் தெரியாது, தட்டி முடித்து என்டர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மீண்டும் வரைகலைத் திரைக்குப் போக மின்ட்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7. உபுண்டுவில் எஃப்1 அல்லது எஃப்2.

உள்ளே நுழைந்ததும், எதையும் தொடுவதற்கு முன் அமைப்புகளின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள்:

சிபி -ஏ ~/.கான்ஃபிக் ~/கான்ஃபிக்-நகல்

நகல் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் விரும்பிய பெயரைக் கொடுக்கலாம். உலாவியின் தரவும் இதற்குள் இருப்பதுண்டு என்பதால் சிலருக்கு நகலெடுக்கக் கொஞ்சம் நேரமாகும். இந்த வழிகாட்டி முழுவதிலும் கோப்பை அழிக்கும் கட்டளையை நான் கூடியவரை தவிர்த்து, பெயர் மாற்றும் எம்வி கட்டளையையே சொல்கிறேன். அழித்தது திரும்ப வராது. பெயர் மாற்றியதை ஒரு வரியில் திருப்பிக்கொள்ளலாம்.

திரை அளவுக் கோப்பை ஒதுக்கி வைத்தல்

லினக்ஸ் மின்ட்டின் சினமன் டெஸ்க்டாப் திரை அமைப்பைச் சினமன்-மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் என்னும் கோப்பில் வைத்திருக்கிறது. பழைய சினமன் பதிப்புகளில் வெறும் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல். பெயர் மாற்றும் கட்டளை இது:

எம்வி ~/.கான்ஃபிக்/சினமன்-மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் ~/பழையது.எக்ஸ்எம்எல்

இரண்டாவது பெயரையும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். பிறகு லாகின் திரையைப் புதிதாகத் தொடங்க வேண்டும்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஸ்ப்ளே-மேனேஜர்

சிஸ்டம்சிடிஎல் என்பதில் சிஸ்டம் என்ற ஆங்கிலச் சொல்லுடன் சி, டி, எல் இடைவெளியின்றி ஒட்டி வரும். இந்தக் கட்டளை டெஸ்க்டாப்பில் திறந்திருக்கும் எல்லா நிரல்களையும் மூடிவிடும். சேமிக்காத ஆவணம் ஏதேனும் திறந்திருந்தால் இதற்கு முன் வேறு வழி ஒன்றை முயலலாம். அதைச் சற்றுக் கீழே சொல்கிறேன்.

ஜினோமில், அதாவது வழக்கமான உபுண்டுவில், அதே இடத்தில் மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற பெயரில் இந்தக் கோப்பு இருக்கும். பிளாஸ்மாவில் இடம் வேறு: பழைய பதிப்புகளில் ~/.லோக்கல்/ஷேர்/கேஸ்க்ரீன் என்னும் கோப்புறை, வேலேண்டில் ஓடும் பிளாஸ்மா 6இல் ~/.கான்ஃபிக் கோப்புறைக்குள் கேவின்அவுட்புட்கான்ஃபிக்.ஜேசன். எக்ஸ்எஃப்சிஇயில் ~/.கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஇ4/எக்ஸ்எஃப்கான்ஃப் கோப்புறையின் உள்ளே இன்னொரு கோப்புறையில் டிஸ்ப்ளேஸ்.எக்ஸ்எம்எல் என்று இருக்கும். டேப் விசை வழிகாட்டும்.

எக்ஸ்எஃப்சிஇக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்னும் பின்னணி நிரல் அமைப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கோப்பில் திரும்ப எழுதும். டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை மாற்றினால் அது பழைய பிழையையே மறுபடி எழுதிவிடக்கூடும். எனவே முதலில் வெளியேறி, லாகின் திரையில் நின்றுகொண்டு, எழுத்துத் திரைக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள்.

இப்போது சேமிக்காத ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு. மின்ட்டின் சினமன் இயல்பாக எக்ஸார்க்கில் ஓடுவதால் எக்ஸ்ராண்டர் கட்டளை அங்கே பயன்படும். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்பவை அதன் எழுத்துகள். எழுத்துத் திரையில் முதலில் இதைத் தட்டுங்கள்:

டிஸ்ப்ளே=:0 எக்ஸ்ராண்டர்

இங்கே டிஸ்ப்ளே என்ற சொல் மட்டும் முழுவதும் பெரிய எழுத்தில் வர வேண்டும். இணைந்திருக்கும் மானிட்டரின் பெயரும் அதன் அளவுகளும் பட்டியலாக வரும். பெயர் எச்டிஎம்ஐ-1 என்று வந்தால்:

டிஸ்ப்ளே=:0 எக்ஸ்ராண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --மோட் 1024எக்ஸ்768 --ரேட் 60

எச்டிஎம்ஐ என்பதைப் பட்டியலில் கண்டபடியே பெரிய எழுத்தில் தட்டுங்கள். 1024க்கும் 768க்கும் இடையே வருவது எக்ஸ் என்னும் எழுத்து. 60 ஹெர்ட்ஸில் இந்த அளவை ஏற்காத கணினி மானிட்டர் மிக அரிது. இப்போது வரைகலைத் திரைக்குத் திரும்பினால் ஆவணம் அப்படியே இருக்கும், சேமித்துக்கொள்ளலாம். இந்தக் கட்டளை நடப்பு அமர்வை மட்டுமே மாற்றுகிறது. கோப்பில் பிழை இன்னும் இருக்கக்கூடும் என்பதால், சேமித்த பின் டிஸ்ப்ளே அமைப்புகளைத் திறந்து சரியான அளவைத் தேர்ந்து உறுதி செய்யுங்கள். உபுண்டு இயல்பாக வேலேண்டில் ஓடும்போது இந்த வழி பலிக்காது.

எழுத்து பெரிதாகிப்போன பிழையும் காணாமல் போன பேனலும்

எழுத்தளவை மூன்று மடங்காக்கிவிட்டு, அமைப்புச் சாளரமே திரைக்குள் அடங்காமல், பழையபடி ஆக்கும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது என்று தவிப்பவர்கள் உண்டு. சினமனில் ஆல்ட் விசையையும், ஜினோமில் சூப்பர் விசையையும் அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்தப் பகுதியைப் பிடித்து இழுத்தாலும் அது நகரும். பொத்தானை உள்ளே இழுத்து அழுத்திவிடலாம். அது முடியாவிட்டால்:

ஜிசெட்டிங்ஸ் ரீசெட் ஆர்க்.சினமன்.டெஸ்க்டாப்.இன்டர்ஃபேஸ் டெக்ஸ்ட்-ஸ்கேலிங்-ஃபேக்டர்

ஜினோமில் சினமன் என்ற இடத்தில் ஜினோம் என்று வரும். சொந்தப் பயனராக எழுத்துத் திரையில் நுழைந்து இதைத் தட்டினாலும் இன்றைய லினக்ஸ் வகைகளில் உடனே பலன் தெரியும். சுடோ சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ரூட் எனப்படும் நிர்வாகப் பயனரின் அமைப்பு மாறும், உங்களுடையது மாறாது.

பேனல் காணாமல் போனால் சினமனில் முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் அழுத்துங்கள். திறந்த நிரல்கள் மூடப்படாமலே சினமன் மட்டும் மறுதொடக்கமாகும். எக்ஸ்எஃப்சிஇயில் ஆல்ட், எஃப்2 அழுத்தி வரும் பெட்டியில் எக்ஸ்எஃப்சிஇ4-பேனல் என்று தட்டலாம். ஜினோமில் நீட்சிகள் எனப்படும் எக்ஸ்டென்ஷன்களே பெரும்பாலும் காரணம். அவை அனைத்தையும் ஒரே கட்டளையில் முடக்கலாம்:

ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க்.ஜினோம்.ஷெல் டிசேபிள்-யூசர்-எக்ஸ்டென்ஷன்ஸ் ட்ரூ

இவற்றுக்கும் மசியவில்லை என்றால் அந்த டெஸ்க்டாப்பின் அமைப்புகள் அனைத்தையும் இயல்புநிலைக்குக் கொண்டுவரலாம். சினமனும் ஜினோமும் தங்கள் அமைப்புகளை டிகான்ஃப் என்னும் தரவுத்தளத்தில் வைக்கின்றன. அது எழுத்துக் கோப்பு அல்ல. திறந்து திருத்த முடியாது. முதலில் அதன் உள்ளடக்கத்தை எழுத்து வடிவில் எடுத்துவைத்து, பிறகு சினமன் பகுதியை மட்டும் துடைக்க வேண்டும்:

டிகான்ஃப் டம்ப் / > ~/பழைய-அமைப்பு.டெக்ஸ்ட்

டிகான்ஃப் ரீசெட் -எஃப் /ஆர்க்/சினமன்/

இறுதிச் சாய்கோடு முக்கியம். அதில்லாமல் எதுவும் துடைக்கப்படாது. அதே சமயம், இடையில் உள்ளவற்றை விட்டுவிட்டு ஒற்றைச் சாய்கோட்டை மட்டும் கொடுத்துவிட்டால் டிகான்ஃபைப் பயன்படுத்தும் மற்ற நிரல்களின் அமைப்புகளும் சேர்ந்து போய்விடும். என்டர் தட்டுவதற்கு முன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

தமிழ் விசைப்பலகை மட்டும் மிஞ்சியபோது

இது நம்மவர்களுக்கே உரிய பிழை. ஆங்கில வழிகாட்டிகளில் தேடினாலும் எளிதில் அகப்படாது. தமிழ் தட்டுவதற்காகத் தமிழ்99 அமைப்பைச் சேர்த்துவிட்டு, பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தை நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு டெர்மினலில் எல் எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்து விழும். எந்தக் கட்டளையையும் தட்ட முடியாது. திரையைப் பூட்டிவிட்டால் கடவுச்சொல்லைக்கூடத் தட்ட முடியாத நிலை வரலாம்.

எழுத்துத் திரையின் விசைப்பலகை அமைப்பு டெஸ்க்டாப்பின் அமைப்பிலிருந்து வேறானது. நிறுவியபோது ஆங்கிலம் தேர்ந்திருந்தால் அங்கே ஆங்கிலமே இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி அங்கே நுழைந்து, ஜினோமில் இதைத் தட்டலாம்:

ஜிசெட்டிங்ஸ் ரீசெட் ஆர்க்.ஜினோம்.டெஸ்க்டாப்.இன்புட்-சோர்சஸ் சோர்சஸ்

சினமன் எக்ஸார்க்கில் ஓடும்போது இன்னும் எளிது:

டிஸ்ப்ளே=:0 செட்எக்ஸ்கேபிமேப் யூஎஸ்

செட் என்ற சொல்லுடன் எக்ஸ், கே, பி என்னும் மூன்று எழுத்துகளும் மேப் என்ற சொல்லும் ஒட்டி வரும். இதுவும் நடப்பு அமர்வுக்கு மட்டுமே. ஆங்கிலம் திரும்பியதும் அமைப்புகளைத் திறந்து அதைப் பட்டியலில் நிரந்தரமாகச் சேருங்கள், முதலிடத்திலேயே வையுங்கள். தமிழ் இரண்டாம் இடத்தில் இருப்பதால் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

லாகின் திரைக்கே திரும்பத் திரும்ப வருதல்

கடவுச்சொல் சரி, ஒரு கணம் திரை கறுக்கிறது, மீண்டும் லாகின் திரை. எழுத்துத் திரையில் முதலில் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்:

டிஎஃப் -எச்

100% என்று ஏதேனும் காட்டினால் டெஸ்க்டாப் எழும்போது எழுத வேண்டிய சிறு கோப்புகளுக்கு இடமில்லாமல் போகிறது. ஸ்கேன் செய்த கோப்புகள் குவியும் கடைக் கணினிகளில் இது சகஜம். சுடோ ஏபிடி கிளீன் என்ற கட்டளை, ஏற்கெனவே நிறுவி முடித்த பொதிகளின் பதிவிறக்கங்களை நீக்கி உடனடியாகக் கொஞ்சம் இடம் தரும்.

இடம் இருந்தால் கோப்பு உரிமையைப் பாருங்கள்:

எல்எஸ் -எல் ~/.எக்ஸ்அதாரிட்டி

இதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. அதாரிட்டி சிறிய எழுத்தில் ஒட்டி வரும். வரும் வரியில் உங்கள் பெயருக்குப் பதிலாக ரூட் என்று இருந்தால் காரணம் அதுதான். வரைகலை நிரலைச் சுடோ கொடுத்து இயக்கும்போது இந்தக் கோப்பு ரூட்டின் உரிமைக்குப் போய்விடுவதுண்டு. இதன் பெயரை மாற்றிவிட்டால் அடுத்த லாகினில் புதிதாக உருவாகும்:

சுடோ எம்வி ~/.எக்ஸ்அதாரிட்டி ~/.எக்ஸ்அதாரிட்டி-பழையது

திடீர் மின்தடையையும் மறக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அமைப்புக் கோப்பு வெறுமையாக, பூஜ்ய பைட் அளவில் மிஞ்சலாம். எல்எஸ் -எல் காட்டும் அளவில் இது தெரிந்துவிடும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்ததும் இதே கடற்கரைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் யூபிஎஸ் இல்லாமல் கணினி ஓட்டுபவர்கள் இப்படிப்பட்ட வெற்றுக் கோப்புகளை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். மருந்து மேலே சொன்னதுதான்: பெயரை மாற்றி ஒதுக்கி வைப்பது.

இன்னும் குழப்பம் தீரவில்லை என்றால் புதிய பயனர் ஒருவரை உருவாக்கிச் சோதியுங்கள். சுடோ ஏடியூசர் சோதனை என்று தட்டினால் போதும். ஏடியூசர் என்பது ஆட், யூசர் என்னும் இரு ஆங்கிலச் சொற்கள் ஒட்டியது; சோதனை என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பயனராக நுழையும்போது டெஸ்க்டாப் நன்றாக வந்தால் பிழை உங்கள் சொந்தக் கோப்புறையில்தான் இருக்கிறது என்பது உறுதி. வராவிட்டால் கீழ் அடுக்கில் தேட வேண்டும். இரண்டு மணி நேரத் தேடலை ஐந்து நிமிடமாகக் குறைக்கும் சோதனை இது. நான் இதை முதலிலேயே செய்யாமல் வீணாக்கிய மாலைப்பொழுதுகள் பல.

லாகின் திரையே வராதபோது

எழுத்துத் திரைக்கும் போக முடியவில்லை என்றால், கணினியைத் தொடக்கும்போது, எதைத் தொடக்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலைக் கொண்டுவர வேண்டும். பயாஸ் என்னும் தொடக்க நிரல் கொண்ட பழைய கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். அதற்குப் பதிலாக யூஇஎஃப்ஐ கொண்ட புதிய கணினிகளில் எஸ்கேப்பை ஒருமுறை மட்டும் தட்டுங்கள். பட்டியலின் முதல் வரியில் நின்று இ எழுத்தை அழுத்தினால் சில வரிகள் தெரியும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதிப் பகுதியில், கொயட் ஸ்பிளாஷ் என்னும் சொற்களுக்குப் பின், ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். டிரைவர் தானாகத் திரை முறையை அமைப்பதை இது தடுக்கிறது. படம் தரமில்லாமல் தெரியலாம், ஆனால் தெரியும். இது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே.

உள்ளே வந்ததும் /இடிசி/எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸார்க்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய லினக்ஸில் இந்தக் கோப்பு இயல்பாக இருப்பதில்லை. என்விடியா அமைப்பு நிரலில் சேமி என்ற பொத்தானை அழுத்தியோ, எங்கோ படித்த குறிப்பைப் பின்பற்றியோ யாராவது உருவாக்கியிருப்பார்கள். மானிட்டரை மாற்றிய பிறகு அதுவே தடையாகும். சுடோ எம்வி கொண்டு பெயரை மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள்.

என்விடியா டிரைவர் நிறுவிய பின் இந்த நிலை வந்திருந்தால் அதை நீக்கிவிட்டுத் திறந்த மூல நூவோ டிரைவருக்குத் திரும்பலாம்:

சுடோ ஏபிடி பர்ஜ் 'என்விடியா-*'

எந்தெந்தப் பொதிகள் நீங்கும் என்று கணினி பட்டியல் காட்டும். அதைப் படிக்காமல் ஒய் தட்ட வேண்டாம்.

கிரப்பின் மேம்பட்ட தேர்வுகளில் ரிகவரி மோட் என்றும் ஒன்று உண்டு. அதில் ரூட் உரிமையுடன் கட்டளை தட்டும் ரூட் ஷெல் கிடைக்கும். அங்கே ~ என்பது உங்கள் கோப்புறை அல்ல, ரூட்டின் கோப்புறை. எனவே /ஹோம்/ என்று தொடங்கி உங்கள் பயனர் பெயரையும் சேர்த்து முழுப் பாதையைத் தட்ட வேண்டும். வட்டில் எழுத முடியவில்லை என்று சொன்னால் மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்ற கட்டளையை முதலில் கொடுங்கள்.

டைம்ஷிஃப்டும் லைவ் யூஎஸ்பியும்

லினக்ஸ் மின்ட் 18.3 பதிப்பிலிருந்து, அதாவது 2017 முதல், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் என்னும் நிரல் உடன் வருகிறது. டிரைவர் போன்ற பொதுக் கோப்புகளில் நேர்ந்த பிழைக்குச் சுடோ டைம்ஷிஃப்ட் --ரீஸ்டோர் என்பது நல்ல மருந்து. ஆனால் அது இயல்பாகச் சொந்தக் கோப்புறைகளைச் சேர்ப்பதில்லை. எழுத்தளவு, பேனல், திரை அளவு ஆகியவை சொந்தக் கோப்புறையில் இருப்பதால், டைம்ஷிஃப்டைக் கொண்டு நேற்றைய நிலைக்குப் போனாலும் அந்தப் பிழை அப்படியே நிற்கும். டைம்ஷிஃப்ட் வேலை செய்யவில்லை என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுவே.

எல்லா வழியும் அடைபட்டால், நிறுவாமலே லினக்ஸை ஓட்ட உதவும் லைவ் யூஎஸ்பியில் கணினியைத் தொடக்கி, வட்டைத் திறந்து, ஹோம் கோப்புறையில் உங்கள் பெயருக்குள் போய், கண்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்திருக்கும் .கான்ஃபிக் தெரியும். மேலே சொன்ன கோப்பின் பெயரை அங்கிருந்தே மாற்றலாம். வட்டை மறையாக்கம் செய்திருந்தால் முதலில் அதன் கடவுச்சொல் கேட்கப்படும். ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தாலும், இந்த வழியில் ஆவணங்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்ட பிறகே சம்மதியுங்கள்.

மீண்ட பிறகு

திரை திரும்பியதும் மீண்டும் டிஸ்ப்ளே அமைப்புகளுக்குப் போய், மானிட்டரின் இயல்பான அளவையும் 60 ஹெர்ட்ஸையும் தேர்ந்து உறுதி செய்யுங்கள். இயல்பான அளவு எது என்பது மானிட்டரின் பின்பக்க ஒட்டுத்தாளிலோ அதன் சொந்த மெனுவிலோ இருக்கும். பழைய சதுர மானிட்டர் 17 அங்குலமென்றால் பெரும்பாலும் 1280க்கு 1024. மைத்துனரின் கடையில் எழுத்து மங்கியதற்குக் காரணமும் இதுதான்: அடாப்டர் தகவல் தராததால் கணினி 1024க்கு 768 அளவை எடுத்துக்கொண்டிருந்தது. ஹெர்ட்ஸை உயர்த்தியிருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரு வாரம் சிக்கலின்றி ஓடிய பின், ஒதுக்கி வைத்த பழைய கோப்பையும் நகல் கோப்புறையையும் நீக்கலாம். சோதனைக்காக உருவாக்கிய பயனரைச் சுடோ டெல்யூசர் --ரிமூவ்-ஹோம் என்று தட்டி, அந்தப் பெயரையும் சேர்த்து நீக்குங்கள். அந்த இடத்தில் உங்கள் சொந்தப் பெயரைத் தட்டிவிட்டால் இதுவரை காப்பாற்றிய ஆவணங்கள் அத்தனையும் அதனோடு போய்விடும் என்பதால், பெயரை இருமுறை சரிபார்த்த பிறகே என்டர் கொடுங்கள்.